முல்லர்கள் எல்லாம் ஒரே சாதியா?

கேள்வி: மாக்ஸ் முல்லர், கெர்ட் முல்லர், தாமஸ் முல்லர் என்று ஜெர்மனியில் எங்கே திரும்பினாலும் முல்லர். மாவரைப்பவர் என்று பொருளாமே? அப்படியானால் அங்கேயும் குலத்தொழில், சாதிப் பட்டம் எல்லாம் உண்டு என்றுதானே ஆகிறது? நம்மை மட்டும் ஏன் குறை சொல்கிறார்கள்?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: கடைசிக் கேள்வியைக் கேட்பதற்காகத்தான் மற்றதையெல்லாம் கேட்டிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. சரி, வரிசையாகவே போவோம்.

ஆமாம், முல்லர் என்றால் மாவு மில்காரர்தான். ஜெர்மனி, சுவிட்சர்லாந்து இரண்டிலும் முதலிடத்தில் இருக்கும் குடும்பப் பெயர் அது. ஜெர்மனியில் அடுத்து வருபவையும் தொழில் பெயர்களே: ஷ்மிட் கொல்லர், ஷ்னைடர் தையற்காரர், ஃபிஷர் மீன் பிடிப்பவர். ஆனால் அந்தக் காலத்து ஜெர்மனியில் பெரும்பாலோர் உழவர்கள். உழவரைக் குறிக்கும் பாவர் என்ற பெயரோ முதல் பத்தில்கூட இல்லை. குலத்தொழில்தான் கணக்கு என்றால் நாடு முழுக்க பாவர்களாக அல்லவா இருக்க வேண்டும்?

12ஆம் நூற்றாண்டு வாக்கில் ஊர்கள் பெருத்து, ஒரே ஊரில் ஏழெட்டு ஹான்ஸ்கள் சேர்ந்துவிட்டார்கள். "எந்த ஹான்ஸ்?" என்று கேட்டால் "உழவன் ஹான்ஸ்" என்பது பதிலே ஆகாது, எல்லாரும் உழவர்கள். "மில்கார ஹான்ஸ்" என்றால் ஓடைக்கரையில் சக்கரம் சுற்றும் அந்த ஒரே வீடு. இப்படித்தான் ஊருக்கு ஊர், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல், ஒரு முல்லர் முளைத்தார். கெர்ட், தாமஸ் இருவரும் பயர்ன் மியூனிக் கால்பந்து அணிக்கு கோல் அடித்தவர்கள்தான், பங்காளிகள் அல்ல.

அந்த மில்காரருக்கு ஊரில் நல்ல பெயர் இருந்ததில்லை. பல இடங்களில் பிரபுவின் மில்லில்தான் அரைத்தாக வேண்டும் என்ற கட்டாயம். வேறு ஊருக்கு மூட்டையைத் தூக்க முடியாது. கூலியாகத் தானியத்திலேயே ஒரு பங்கை அவர் அளந்து எடுத்துக்கொள்வார். அளப்பதும் அவரே, எடுப்பதும் அவரே என்றால் சனங்கள் என்ன பேசுவார்கள்? திருடன் என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. பல ஊர்க் கைவினைச் சங்கங்கள் மில்காரர் பிள்ளைகளைச் சேர்க்கவே மறுத்தன. 1548இல் பேரரசுச் சட்டம் ஒன்று, மில்காரர், நெசவாளர், நாவிதர் போன்றோரின் பிள்ளைகளைத் தள்ளிவைக்கக் கூடாது என்றது. 1577இல் அதையே மறுபடி சொன்னது. முதல் தடவை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். ஆக, பிறப்பைப் பார்த்து ஒதுக்கும் புத்தி அங்கேயும் இருந்தது. அந்த மட்டில் உங்களுக்குப் பாதி மார்க்.

மீதிப் பாதியை மாக்ஸ் முல்லரின் குடும்பமே பிடுங்கிக்கொள்கிறது. அவருடைய தாத்தா டெஸ்ஸாவ் ஊரில் தையற்காரர். பெயரில் மில், கையில் ஊசி! அவர் மகன் வில்ஹெல்ம் கவிஞர்; மில்காரர் மகளை ஒருதலையாகக் காதலித்து உருகும் பையனைப் பற்றி அவர் எழுதிய கவிதைகளுக்கு ஷூபர்ட் இசையமைத்தார். அப்புறம் பேரன், ஆக்ஸ்ஃபோர்டில் உட்கார்ந்து ரிக் வேதத்தைப் பதிப்பித்தவர். மாவுக்கும் இந்த மூவருக்கும் என்ன சம்பந்தம்? முல்லர் என்ற பெயர் ரொம்ப மலிந்து கிடக்கிறது என்று நினைத்துத்தான் பிற்காலத்தில் மாக்ஸ் என்பதையும் குடும்பப் பெயரோடு சேர்த்துக்கொண்டார்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. பெர்லினில் ஒரு முல்லர் வீட்டுப் பையன் ஷ்மிட் வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டால் யாரும் ஊரைக் கூட்ட மாட்டார்கள். கொல்லர் வீட்டில் மாவுக்காரன் எப்படிச் சம்பந்தம் வைக்கலாம் என்று பெரியப்பா அரிவாளைத் தேட மாட்டார். ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் நம்முடைய மணமகள் தேவை பக்கத்தைப் பிரித்துப் பாருங்கள். அங்கே வரன்களை எந்தத் தலைப்பின் கீழ் பிரித்துப் போட்டிருக்கிறார்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள், அதையும் பிரசுரிக்கிறேன்.