தெருவில் தண்ணீர் நின்றால் சென்சார் வாங்கலாமா?

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் 60 வீடுகள் கொண்ட குடியிருப்போர் நலச் சங்கம் எங்களுடையது. ஐப்பசி மழை பிடித்தால் தெருவில் முழங்கால் தண்ணீர். ஒரு நிறுவனத்தார் ‘ஸ்மார்ட் வெள்ள மேலாண்மை’ என்று சென்சார், செல்போன் செயலி எல்லாம் சேர்த்து 3 லட்சம் ரூபாய் கேட்கிறார்கள். சங்கப் பணத்தைப் போடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். தண்ணீர் ஏறிவிட்டது என்று அந்தச் சென்சார் சொல்லும்போது நீங்கள் ஏற்கெனவே வேட்டியை மடித்துக் கட்டியிருப்பீர்கள். உங்களுக்குத் தெரிய வேண்டியது, அது ஏன் வடியவில்லை என்பது. அதற்குச் சாலையும் வடிகாலும் எந்த இடத்தில் எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்ற மட்டம் தெரிய வேண்டும்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயர வரைபடங்களை நம்பி இறங்காதீர்கள். பலரும் பயன்படுத்தும் எஸ்.ஆர்.டி.எம். தரவு, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ரேடார் மூலம் எடுத்தது. 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. உயரத்தில் சில மீட்டர் பிழை சகஜம். வீட்டு மாடியும் மரத்தின் உச்சியும் அதில் தரையோடு கலந்துவிடும். உங்கள் தெரு 200 மீட்டர் நீளம், 500 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவு என்று வையுங்கள்; ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் வித்தியாசமே 40 சென்டிமீட்டர்தான். அந்த வரைபடத்தில் இது தெரியவே தெரியாது. ஏரி எங்கே, சதுப்பு நிலம் எங்கே, தண்ணீர் பொதுவாக எந்தத் திசையில் போகும் என்பதற்கு மட்டும் அது போதும்.

ஆகவே ஆட்டோ லெவல் (மட்டம் அளக்கும் கருவி) வைத்திருக்கும் ஒரு சர்வேயரைக் கூப்பிடுங்கள். 10 மீட்டருக்கு ஒரு இடத்தில் சாலையின் நடுமட்டம், வீட்டு வாசற்படி, வடிகாலின் மேல்விளிம்பு, மூடியைத் திறந்து அதன் அடிமட்டம், தெரு முனைக் கல்வெர்ட்டின் (சாலைக்கு அடியில் தண்ணீர் கடக்கும் சிறு பாலம்) அடிமட்டம் என எல்லாவற்றையும் ஒரே பெஞ்ச்மார்க்கிலிருந்து, அதாவது ஒரே நிலையான குறிப்புப் புள்ளியிலிருந்து, எடுக்கச் சொல்லுங்கள். அடிமட்டத்தை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வீண். தண்ணீர் போக வேண்டிய பக்கம் வடிகால் மேடாக இருக்கிறதா என்பது அங்கேதான் தெரியும். சாலை வாசற்படியைவிட உயர்ந்திருந்தால், மேலும் மேலும் தார் போட்டதே காரணமாக இருக்கலாம். பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டது நினைவிருக்கட்டும்.

இந்த அளவுகளை இலவச வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ்-இல் ஏற்றலாம். சங்கத்தில் கல்லூரிப் பிள்ளை யாராவது இருந்தால் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டுவிடுவார். கூடவே கூகுள் எர்த் ப்ரோவில் பழைய ஆண்டுகளின் படங்களைப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். காலி மனையாக இருந்த காலத்தில் தண்ணீர் எங்கே ஓடியது என்பதற்குத் தடயம் கிடைக்கக்கூடும். அரசின் இணையவழிச் சேவையில் கிடைக்கும் புலப்படத்தையும் (சர்வே எண்ணின் எல்லைகளைக் காட்டும் நில வரைபடம்) எடுத்து அருகில் வையுங்கள். வாய்க்கால் என்று கோடு போட்டிருக்கும் இடத்தில் இன்று யாருடைய மதில் நிற்கிறது என்பது (சங்கத்துக்குள்ளேயே சண்டை வந்தாலும் வரலாம்) தெரிந்துவிடும்.

மழை நாளில் செல்போனில் எடுக்கும் படங்களுக்கு இருப்பிடத்தையும் நேரத்தையும் சேர்த்து வையுங்கள். 2015 வெள்ளத்தின்போது ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற, யாரும் திருத்தக்கூடிய இலவச வரைபடத்தின் அடிப்படையிலான வரைபடம் ஒன்றில், மூழ்கிய தெருக்களைப் பொதுமக்களே குறித்தார்கள். எந்த நிறுவனமும் விற்ற கருவி இல்லை அது.

இவ்வளவையும் வார்டு உதவிப் பொறியாளரிடமும் பகுதி சபையிலும் (வார்டு மக்கள் கூடும் கூட்டம்) கொடுங்கள். “தண்ணீர் நிக்குது சார்” என்று மாநகராட்சியின் புகார் எண் 1913-க்குச் சொன்னால் மோட்டார் வரும். “கல்வெர்ட்டின் அடிமட்டம் வடிகாலின் அடிமட்டத்தைவிட 18 சென்டிமீட்டர் மேலே இருக்கிறது” என்று அளவோடு எழுதிக் கொடுத்தால் அவர்கள் வேலைக்கான செலவு மதிப்பீடு தயாரிக்க வேண்டிவரும்.

சென்சார் வீண் என்று நான் சொல்லவில்லை. நகரம் முழுவதையும் பார்க்கும் கட்டுப்பாட்டு மையத்துக்கும், சுரங்கப்பாதைகளுக்கும் அது தேவை. 2015-க்குப் பிறகு தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் சென்னைக்காக உருவாக்கிய வெள்ள முன்னெச்சரிக்கை அமைப்பு, மழை, ஆறு, கடல் அலையேற்றம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. ஒரே ஒரு தெருவுக்குச் சென்சார் அளவுக்கு மீறிய செலவு. வடிகால் சரியான பிறகும் வாங்கியே தீர வேண்டும் என்றால் நிறுவனத்தாரிடம் இரண்டு கேள்வி: சேறு படிந்தால் யார் துடைப்பார்கள்? சந்தாவை நிறுத்தினால் பழைய பதிவுகள் எங்கள் கையில் இருக்குமா?

சர்வேயை மே மாதத்திலேயே முடித்துவிடுங்கள். அக்டோபரில் வடிகால் மூடியைத் திறந்தால் அடிமட்டம் தெரியாது, தண்ணீர்தான் தெரியும்.