பழைய விரிப்பும் நல்ல நூலும்: குழந்தை அறைத் தையல் கேள்வி-பதில்

குழந்தைகள் அறைக்குத் தைப்பது பற்றி வந்த கேள்விகளைச் சேர்த்து இந்த முறை பதில் எழுதுகிறேன். கையைக் கடிக்காத செலவில் முடிய வேண்டும் என்பதுதான் எல்லாருடைய எண்ணமும். நல்ல எண்ணம்தான். ஆனால் எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே கூடாது என்பதில் நான் கொஞ்சம் கறாராகவே இருப்பேன். துணி பழையதாக இருக்கலாம். நூலும் ஊசியும் நல்லதாக இருக்க வேண்டும். குழந்தை இழுக்கும், பிடித்துத் தொங்கும். அடிக்கடி துவைக்கவும் வேண்டியிருக்கும். அப்போது பெரும்பாலும் முதலில் விட்டுப்போவது தையல்தான்.

மகள் அறை ஜன்னலுக்குத் திரைச்சீலை தைக்க வேண்டும். பெரிய கட்டிலுக்குப் போடும் பழைய விரிப்பு ஒன்று இருக்கிறது. அது போதுமா? எவ்வளவு அகலம் தேவை?

போதும். ஒட்டுப்போடாமல் இவ்வளவு அகலமான துணி வேறு எதிலும் சுலபத்தில் கிடைக்காது. வெட்டும் முன் விரிப்பை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். படுத்துப் படுத்து நடுப்பகுதி சல்லடை மாதிரி மெலிந்திருக்கும், ஓரங்கள் கெட்டியாக இருக்கும். மெலிவு அதிகமாக இருந்தால் அதைத் திரைக்கு எடுக்காதீர்கள், வெயில் பட்டுச் சீக்கிரம் கிழிந்துவிடும். கெட்டியான ஓரங்களை மட்டும் வெட்டித் தலையணை உறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

விரிப்பு நன்றாக இருக்கிறது என்றால் அடுத்தது கணக்கு. திரைத் துணியின் மொத்த அகலம் கம்பியின் நீளத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருக்க வேண்டும். குறைந்தால் சுருக்கு விழாது, கொடியில் காயப்போட்ட துணியாகத்தான் தெரியும். கம்பி 48 அங்குலம் என்றால் 72 முதல் 96 அங்குலம் வரை வேண்டும். 90 அங்குல அகல விரிப்பை நீளவாக்கில் இரண்டாக வெட்டினால் 45 அங்குலத்தில் இரண்டு திரை கிடைக்கும். பக்கங்களில் வெட்டிய ஓரத்தை மட்டும் மடித்துத் தைத்தால் போதும். அடியிலும் முன்பே மடித்துத் தைத்த ஓரத்தை அப்படியே விட்டுவிட்டு, அதிகப்படி நீளத்தை மேல்பக்கத்தில் வெட்டுங்கள்.

கம்பி நுழையும் குழலைத்தான் பலரும் குறுகலாகத் தைத்துவிடுகிறார்கள். 1 அங்குலத் தடிமன் உள்ள கம்பிக்குச் சுற்றளவு 3 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். தட்டையாக மடித்த துணியில் அதில் பாதி, அதாவது ஒன்றரை அங்குலத்துக்கு மேல், கம்பிக்கே போய்விடும். துணி தடையில்லாமல் நகரவும் இடம் வேண்டும் அல்லவா? இரண்டேகால் அங்குலம் வைத்துத் தையுங்கள்.

திரை போட்ட பிறகும் விடிந்ததும் வெளிச்சம் வந்து மகன் எழுந்துவிடுகிறான்.

அடர்நிற விரிப்பு ஒன்றை உள்துணியாகக் கொடுங்கள். அதற்கு முன் கம்பியைப் பாருங்கள். வெளிச்சம் துணியின் ஊடாக வருவதைவிடப் பக்கவாட்டில் கசிவதுதான் பல அறைகளில் அதிகம். ஜன்னலுக்கு இருபுறமும் 4 முதல் 6 அங்குலம் தாண்டிப் போகிற மாதிரி கம்பியைப் பொருத்துங்கள். துணியின் அகலக் கணக்கையும் அந்த நீளத்துக்கே போட வேண்டும்.

என்னிடம் தையல் மெஷின் இல்லை. கையால் தைத்தால் நிற்குமா?

நிற்கும். இழுவை விழும் இடத்தில் கெட்டித் தையல், விழாத இடத்தில் ஓட்டுத் தையல் (ஊசியை மேலும் கீழுமாக ஏற்றி இறக்கி முன்னால் ஓட்டிப் போவது) என்று பிரித்துக்கொள்ளுங்கள். கெட்டித் தையலில் ஒவ்வொரு முறையும் ஊசி ஒரு தையல் அளவு பின்னால் போய் முந்தைய தையல் முடிந்த இடத்திலேயே இறங்கும். அதனால் நூல் இடைவெளி இல்லாமல் ஓடும், இழுத்தாலும் வாய் பிளக்காது. வேகமாக முடிக்க வேண்டும் என்று நூலை நீளமாகக் கோர்க்காதீர்கள்; விரல் நுனியிலிருந்து முழங்கை வரை போதும். அதைத் தாண்டினால் முறுக்கி முடிச்சு விழும், அதை அவிழ்ப்பதிலேயே நேரம் போகும்.

கைத்தையலுக்கு முதல் வேலையாக ஜிப் இல்லாத தலையணை உறையைச் சொல்வேன். 16 அங்குலச் சதுரத் தலையணை என்றால் முன்பக்கத்துக்கு 17 அங்குலச் சதுரம் ஒன்று, பின்பக்கத்துக்கு 17-க்கு 12 அங்குலத்தில் இரண்டு துண்டு. பின் துண்டு ஒவ்வொன்றிலும் ஒரு நீள ஓரத்தை அரை அங்குலம் மடித்து, மறுபடி அரை அங்குலம் மடித்து எம்மிங் செய்துவிடுங்கள். முன்துண்டின் நல்ல பக்கம் மேலே இருக்க, பின் துண்டுகளின் நல்ல பக்கம் அதைப் பார்க்கும்படி அடுக்கினால் நடுவில் 5 அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். சுற்றிலும் அரை அங்குலம் உள்ளே தைத்துத் திருப்புங்கள். அந்த 5 அங்குலம் இருப்பதால்தான் பொத்தான் இல்லாமலே தலையணை வெளியே வராது.

அப்பாவின் பழைய சட்டை இருந்தால் இன்னும் சுலபம். பொத்தான்களைப் போட்டபடியே சட்டையின் முன்பக்கத்தைச் சதுரமாக வெட்டி, அதையே உறையின் பின்பக்கமாக்கலாம். திறப்பும் தயார், காஜாவும் தயார். ஆனால் மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தை என்றால் இது வேண்டாம். பொத்தான் அறுந்து வாய்க்குப் போனால் ஆபத்து.

ஆறு மாதக் குழந்தையின் தொட்டில் கட்டிலுக்கு, கம்பிகளில் இடிக்காமல் இருக்கச் சுற்றுத் திண்டு தைக்க நினைக்கிறேன். பஞ்சு எவ்வளவு வைக்கலாம்?

தைக்காதீர்கள். இந்த ஒன்றில் அழகையும் சிக்கனத்தையும் பற்றிப் பேச இடமே இல்லை. குழந்தை அதில் முகத்தை அழுத்திக்கொண்டால் மூச்சு முட்டும், தானாக விலகத் தெரியாது. கட்டும் நாடாக்கள் கழுத்தில் சுற்றும் அபாயமும் உண்டு. அமெரிக்காவில் 2022-இல் இவற்றின் விற்பனையைச் சட்டம் போட்டே தடை செய்தார்கள். ஒரு வயது வரை தலையணை, தடித்த போர்வை, துணி பொம்மை எதுவும் அந்தக் கட்டிலுக்குள் வேண்டாம். மெத்தையில் இறுக்கமாகப் பொருந்தும் எலாஸ்டிக் விரிப்பு மட்டும் போதும். அதைத் தைத்துக் கொடுங்கள், ஆசையோடு தைத்த கை வேலை அதிலும் தெரியும். மீதித் துணியைக் குழந்தையின் கைக்கு எட்டாத சுவருக்கு எடுத்துக்கொள்ளலாம்.

பொம்மை, புத்தகம் போட்டு வைக்கச் சுவரில் தொங்கும் பாக்கெட் பை தைத்தேன். பாக்கெட்டில் ஒன்றும் நுழையவில்லை, மேல்பக்கமும் தொய்ந்துவிட்டது.

இரண்டும் வேறு வேறு கோளாறு. முதலில் பாக்கெட். அடித்துணியும் பாக்கெட் துணியும் ஒரே அகலத்தில் இருந்தால் உள்ளே காகிதம்தான் நுழையும். 24 அங்குல அடித்துணியில் 6 அங்குலத்துக்கு ஒன்றாக நான்கு பாக்கெட் என்றால், ஒவ்வொன்றுக்கும் 2 அங்குலம் கூடுதலாகக் கொடுத்து, பாக்கெட் துணியை 32 அங்குலமாக வெட்டுங்கள். அடித்துணியில் 6 அங்குலத்துக்கு ஒரு கோடு, பாக்கெட் துணியில் 8 அங்குலத்துக்கு ஒரு கோடு சாக்பீஸால் போட்டு, கோட்டோடு கோடு வைத்துத் தையுங்கள். ஒவ்வொரு பாக்கெட்டிலும் கூடுதல் துணி உப்பி நிற்கும். அதை அடியில் இருபுறமும் சின்ன மடிப்பாகத் தட்டி, கடைசியில் அடித்தையல் போடுங்கள். இந்த வரிசை மாறினால் மடிப்பு சரியாக உட்காராது. ஒவ்வொரு கோட்டின் மேல்முனையிலும் முன்னும் பின்னும் மூன்று நான்கு தையல் ஓட்டுங்கள். குழந்தை கைவிட்டு இழுக்கும்போது முதலில் பிரிவது அந்த முனைதான்.

தொய்வுக்குக் காரணம் மூலையில் மட்டும் வளையம் வைத்துத் தொங்கவிட்டதாக இருக்கும். மேலே முழு அகலத்துக்கும் ஒரு குழல் தைத்து மரக் குச்சியை நுழையுங்கள், எடை சமமாகப் பரவும். அடித்துணிக்குப் பழைய ஜீன்ஸ் கால்களை ஒட்டுப்போட்டு எடுப்பது நல்லது. அதற்கு 16-ஆம் நம்பர் ஊசி போடுங்கள். தடித்த மடிப்பு வரும் இடத்தில் மட்டும் மோட்டாரையோ மிதியையோ நம்பாமல் சக்கரத்தைக் கையால் சுற்றினால் ஊசி உடையாது.

முக்கோணக் கொடித் தோரணத்துக்கு மேல்பட்டையைக் கிராஸாகத்தான் வெட்ட வேண்டுமா? துணி நிறைய வீணாகிறது.

வேண்டியதில்லை. கிராஸ் பட்டை, அதாவது துணியின் நூலோட்டத்துக்குச் சாய்வாக வெட்டிய பட்டை, வளைவுக்குத்தான். தோரணத்தின் மேல் ஓரம் நேர்கோடு, நேர் நூலில் வெட்டிய பட்டைதான் அதில் இழுபடாமல் நிற்கும். முக்கோணங்களை ஒன்று நேராக, அடுத்தது தலைகீழாக என்று ஒரே பட்டையில் அடுக்கி வெட்டினால் வீணாவது இரண்டு ஓரங்கள் மட்டும்தான். கட்டிலுக்கு மேலே கட்ட மட்டும் வேண்டாம். குழந்தை கட்டிலில் ஏறி நின்றாலும் எட்டக் கூடாது.

சிறுசாகிப்போன டி-ஷர்ட்டுகளை வைத்து மெத்தைத் திண்டு உறை தைத்தால் துணி இழுத்து நெளிகிறது.

பனியன் துணி அப்படித்தான். வெட்டும் முன்பே பின்பக்கத்தில் ஒட்டும் பேப்பர் கேன்வாஸை (சூட்டில் துணியோடு ஒட்டி விறைப்புக் கொடுக்கும் தாள் போன்ற துணி) இஸ்திரி போட்டு ஒட்டிவிடுங்கள், அதன் பிறகு அது சாதாரணப் பருத்தித் துணி போல நடந்துகொள்ளும். முன்பக்கம் படம் அச்சடித்திருந்தால் அதன்மேல் நேராகப் பெட்டியை வைக்காதீர்கள், உருகி ஒட்டிக்கொள்ளும். முனை உருண்ட ஊசி கிடைத்தால் அதையே போடுங்கள். கூர் ஊசி இழையை அறுத்து ஓட்டை போடும். அப்புறம் தைக்கும்போது துணியைக் கையால் இழுக்காமல், மெஷினே நகர்த்தட்டும் என்று விட்டுவிடுங்கள்.

சிவப்புத் துணித் துண்டுகள் சாயம் போகுமா என்று எப்படிப் பார்ப்பது?

ஒரு மூலையை நனைத்து, வெள்ளைத் துணியின்மேல் வைத்து இஸ்திரி போடுங்கள். வெள்ளையில் கறை இறங்கினால் அந்தத் துண்டைத் தனியாகத் துவைத்துக்கொண்டே இருங்கள், தண்ணீர் தெளிவாக வரும் வரை. அதற்கும் நிற்கவில்லை என்றால் வெளிர்நிறத் துணியோடு சேர்த்துத் தைக்காதீர்கள். எந்தத் துணியானாலும் வெட்டும் முன் ஒரு முறை துவைத்துக் காயவைத்துவிடுங்கள். புதுப் பருத்தித் துணி முதல் துவைப்பில் சுருங்கும், அது தைத்த பிறகு நடந்தால் உறை தலையணைக்கு ஏறாது.