சிம்னிக் குழாயை ஹீட்டருக்குப் போடலாமா?

கேள்வி: அண்ணா நகரில் வசிக்கிறோம். கொடைக்கானலில் சின்னதாக ஒரு வீடு கட்டியிருக்கிறோம். வயதான பெற்றோருக்குக் குளிர் தாங்காது என்பதால், மரத்தூள் பெல்லட் (மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளைகள்) எரிக்கும் ஹீட்டர் ஒன்றைச் சென்னையிலேயே வாங்கினோம். கடைக்காரர் அனுப்பிய ஆள், சமையலறைச் சிம்னிக்குப் போடும் 4 அங்குல அலுமினியக் குழாயைச் சுவரில் ஓட்டை போட்டு நேரே வெளியே விட்டால் போதும் என்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். 4 அங்குலம் என்றது மட்டும் தற்செயலாகச் சரியாக அமைந்துவிட்டது. பொதுவாக 3 அங்குலக் குழாயே போதும். குழாய் நீண்டாலோ வளைவுகள் கூடினாலோ, வீடு உயரமான இடத்தில் இருந்தாலோ 4 அங்குலம் போடச் சொல்வார்கள். கொடைக்கானல் ஏறக்குறைய 7,000 அடி உயரம். அங்கே காற்று மெலிது. இதையெல்லாம் யோசித்து அவர் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. வண்டியில் அந்த அளவுக் குழாய்தான் கிடந்திருக்கும்.

சமையலறைச் சிம்னியில் போவது தாளித்த ஆவியும் எண்ணெய்ப் பிசுக்கும். உங்கள் ஹீட்டரில் போவது 150 முதல் 250 டிகிரி செல்சியஸ் வரை சூடான புகை. அதில் நிறமும் மணமும் இல்லாத நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடும் இருக்கும். விறகு அடுப்பின் புகைபோக்கி புகையைத் தானே மேலே இழுக்கும். அதில் விரிசல் விட்டால் பெரும்பாலும் அறைக் காற்றுதான் உள்ளே போகும். பெல்லட் ஹீட்டரில் விசிறி புகையைத் தள்ளுகிறது. பஞ்சரான டியூப் மாதிரி, இடைவெளி எங்கேயோ அங்கே பீறிக்கொண்டு வரும், அதுவும் பெற்றோர் தூங்கும் அறைக்குள். கிளிப்பும் ஃபாயில் டேப்பும் இந்தச் சூட்டுக்கு நிற்காது. அலுமினியக் குழாயின் மடிப்பு மடிப்பான உட்புறத்தில் சாம்பல் தேங்கும். பிரஷ் விட்டுத் துடைத்தால் குழாயே கிழியும்.

வேண்டியது பெல்லட்டுக்கென்றே செய்த இரட்டைச் சுவர்க் குழாய், உட்புறம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். குழாயின் மேலேயே யு.எல். 641 அல்லது இ.என். 1856 என்ற தர எண் இருக்கும். "அதே மாதிரி நாங்களே அடிச்சுத் தர்றோம் சார்" என்பவர்களிடம் ஜாக்கிரதை. பாரிமுனையில் தகடு வாங்கி உருட்டிவிட்டு, காந்தத்தை வைத்துக் காட்டி "பாருங்க, ஒட்டல, 304" என்பார்கள். 304 என்பது நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரகம்; ஆனால் மலிவான 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. அது சீக்கிரம் துருப்பிடிக்கும். காந்தம் காட்டுகிறவரிடம் பில்லில் ரகத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். பாதிப் பேர் அத்தோடு போன் எடுக்க மாட்டார்கள். ஜி.எஸ்.டி. வேண்டாம், பில்லும் வேண்டாம் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். வீட்டுப் பிளானில் பக்கவாட்டு இடைவெளியை அங்குலக் கணக்கில் அளக்கிற நாட்டில், படுக்கையறைக்குள் நெருப்பு வைக்கிறோமே, புகை எப்படிப் போகிறது என்று ஒரு ஆள் வந்து பார்ப்பதில்லை. நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

சுவரைத் துளைத்து நேரே விடுவதில் இன்னொரு வில்லங்கம், கரண்ட். மலையில் மழையும் காற்றும் வந்தால் மின்சாரம் போகும். விசிறி நிற்கும், ஹீட்டரின் எரிசட்டியில் மிஞ்சிய பெல்லட் புகைந்துகொண்டே இருக்கும். தள்ள ஆளில்லாத புகை அறைக்குத்தான் திரும்பும். வெளியே போன குழாயை ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு மேல்நோக்கித் திருப்பி, குறைந்தது 3 முதல் 5 அடி நிமிர்த்துங்கள். அந்த உயரமே புகையை இழுத்துக்கொள்ளும். டீயின் அடிமூடியைக் கழற்றிச் சாம்பலை எடுக்கலாம். இன்வெர்ட்டர் வைப்பதானால் சைன் வேவ் வகையாக இருக்கட்டும். குழாய் வாய் ஜன்னலுக்கு அடியிலோ பக்கத்திலோ 4 அடிக்குள் வரக் கூடாது. மரப் பலகைச் சுவர் என்றால் அதற்கான சுவர் உறை (குழாயின் சூடு மரத்தில் படாமல் தடுக்கும் கூடு) இல்லாமல் துளைக்கவே கூடாது. மரத்திலிருந்து விடவேண்டிய இடைவெளி குழாய்க்குக் குழாய் மாறும், பெரும்பாலும் 3 அங்குலம்.

ஏற்கெனவே அலுமினியக் குழாயை வாங்கித் தொலைத்திருந்தால், அதற்கும் ஒரு வேலை உண்டு. ஹீட்டரின் பின்பக்கம் இரண்டு வாய் இருக்கும்: ஒன்று புகை வெளியேற, மற்றது எரிவதற்கான காற்றை உள்ளே இழுக்க. இழுக்கும் வாயில் சூடும் புகையும் கிடையாது. அங்கே குழாய் உலோகமாக இருந்தால் போதும் என்று பல கையேடுகள் அனுமதிக்கின்றன (பி.வி.சி. அங்கேயும் கூடாது). அளவு பெரிதென்றால் ரெட்யூசர் போட்டு, வெளிமுனையில் எலி நுழையாமல் கம்பி வலை கட்டலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: மாட்ட வந்தவர் இரண்டு வாய்க்கும் குழாயை மாற்றி மாட்டிவிடாமல் பக்கத்திலேயே நில்லுங்கள். "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.

முதல் தடவை பற்றவைக்கும்போது ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். ஒவ்வொரு இணைப்பருகிலும் ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். அதன் புகை ஒரு பக்கமாக விலகி ஓடினால் அங்கே கசிகிறது. அணைத்துவிட்டு, ஆறிய பின் சூடு தாங்கும் சிலிக்கானால் அடைக்கச் சொல்லுங்கள். படுக்கையறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டிய பிறகே பெற்றோரை அங்கே தூங்க வையுங்கள். பாக்கிப் பணத்தையும் அதுவரை கொடுக்காதீர்கள்.