கடனை எழுதினால்தான் சீட் கிடைக்குமா?

மதிப்பிற்குரிய மேடம்,

பாலக்கோடு பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. அரசுப் பள்ளியில் பிளஸ் டூ, பயோ-மேத்ஸ், இங்கிலீஷ் மீடியம். பத்தாவதில் 468. அமெரிக்காவின் சின்ன லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளைப் பற்றி பள்ளிக்கு வந்த ஒருவர் சொன்னதிலிருந்து அதே நினைப்பு. உயிரியலோடு வரலாறும் படிக்கலாம், முதன்மைப் பாடம் எது என்று இரண்டாம் ஆண்டில் முடிவு செய்தால் போதும், பணமில்லாதவர்களுக்கு உதவி உண்டு என்றார். ஜனவரி முதல் வாரத்துக்குள் அனுப்ப வேண்டும். இப்போது அக்டோபர்.

கட்டுரையில்தான் சிக்கிக்கொண்டேன். பெரியப்பா மகன், “அப்பா வாங்கின கடனை எழுது, அத்தை நகையை அடகு வச்சதை எழுது, படிக்கிறவன் அழுதாத்தான் சீட்” என்கிறான். எழுதினேன். எங்கள் வீட்டுக் கதவைத் திறந்துபோட்டு ஊரையே கூப்பிட்ட மாதிரி இருந்தது. அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அவருக்குத் தெரியாமல் அவரைப் பற்றி எழுதுவது திருட்டு மாதிரி உறுத்துகிறது. அழித்து அழித்து எழுதுகிறேன்.

நாங்கள் பட்டுப்புழு வளர்க்கிறோம். ராத்திரி பத்து மணிக்குக் கடைசித் தழை போட்டு, வெப்பமானியைப் பார்த்து நோட்டில் குறித்துவிட்டுப் படுப்பேன். ஒன்பதாவதிலிருந்து இது என் வேலை. சித்திரையில் 25 டிகிரியைத் தாண்டினால் ஜன்னலுக்கு ஈரச்சாக்கு கட்டுவோம். இப்போதெல்லாம் மூன்று மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது. பிறகு தூக்கமில்லை.

அத்தை “பி.ஏ. படிக்க பிளேன் ஏறணுமா?” என்கிறார். அப்பா “கிடைச்சா பாக்கலாம்” என்பதோடு சரி. பள்ளியில் மாணவர்களுக்கு வழிகாட்டும் ‘கவுன்சிலர்’ நிரப்ப வேண்டிய பாரத்தைப் பார்த்து ஹெச்.எம். சார் “நம்ம ஸ்கூல்ல அப்படி யாரும் இல்லையேம்மா” என்கிறார். கிடைக்காவிட்டால் ஊரில் எப்படித் தலைகாட்டுவது?

– பெயர் வேண்டாம், தருமபுரி மாவட்டம்

அன்புள்ள மகளுக்கு,

உன் அண்ணன் நல்ல எண்ணத்தில் சொல்லியிருந்தாலும் இரண்டு தாள்களைக் குழப்பிவிட்டார். காமன் ஆப்பில், அதாவது பல கல்லூரிகளுக்கும் பொதுவான இணைய விண்ணப்பத்தில், போகும் கட்டுரை வேறு, குடும்பப் பண நிலையைச் சொல்லும் படிவம் வேறு. கடன், அடகு, வட்டி எல்லாம் இரண்டாவதில்தான் எழுத வேண்டும். அதை உதவித்தொகை அலுவலகம் கணக்காகப் பார்க்கும், யாரும் அழ வேண்டியதில்லை. ஆகவே அந்த வரிகளை இன்றே அழித்துவிடு. உனக்கு வந்த உறுத்தல் சரியானதுதான். தகவல் தப்பான இடத்தில் இருந்தது, அவ்வளவே.

கட்டுரைக்கு 250 முதல் 650 சொல் வரை இடம். கல்லூரி அதில் தேடுவது, இந்தப் பெண் எதைக் கவனிக்கிறாள், எப்படி யோசிக்கிறாள் என்பதை. உன் கடிதத்தில் அது வந்துவிட்டது, நீ கவனிக்காமல் தாண்டிப் போய்விட்டாய். ஒன்பதாவதிலிருந்து தினமும் ராத்திரி பத்து மணிக்கு எழுதிய வெப்பநிலை நோட்டு! அதை எடுத்து வைத்துக்கொள். எந்தப் பட்டத்தில், அதாவது எந்தத் தடவை புழு வளர்த்தபோது, கூடு மெலிந்தது, அந்த வாரம் எத்தனை டிகிரி, நீ என்ன காரணம் என்று நினைத்தாய், அடுத்த பட்டத்தில் எதை மாற்றினாய், உன் ஊகம் எங்கே தப்பாய்ப் போனது? ஊகம் தப்பிய இடத்தை மறைக்காதே, கட்டுரையின் உயிர் அதில்தான். “சிறு வயது முதலே”, “என் கனவு” என்று தொடங்கும் வாக்கியங்கள் வேண்டாம். கலாம் மேற்கோளும் வேண்டாம், அவர் மேல் உனக்கு எவ்வளவு மரியாதை இருந்தாலும். முதல் வரைவைத் தமிழில் எழுது. எல்லாம் வந்த பிறகு ஆங்கிலத்தில் புதிதாக எழுது, வரிக்கு வரி மாற்றாதே. இங்கிலீஷ் டீச்சர் இலக்கணத்தைத் திருத்தட்டும், குரல் உன்னுடையதாகவே இருக்கட்டும்.

அடுத்தது பணம். இதற்கு அப்பாவோடு ஒரு முழு மாலை உட்கார வேண்டும். நான் சொன்ன பண நிலைப் படிவமாகப் பல கல்லூரிகள் சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் என்பதைக் கேட்கும். முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்து ஒவ்வொன்றுக்கும் 16 டாலர். கட்ட முடியாவிட்டால் கல்லூரிக்கே மின்னஞ்சல் எழுதி விலக்கோ மாற்றுப் படிவமோ உண்டா என்று கேள், கேட்பதில் தவறில்லை. நம் பக்கத்தில் வழக்கமாக நடக்கும் தப்பு ஒன்று: இ-சேவையில் வாங்கிய வருமானச் சான்றிதழில் ஒரு சின்னத் தொகை இருக்கும், வங்கிப் பாஸ்புக்கில் பட்டுக்கூடு அங்காடிப் பணம் அதைவிடப் பல மடங்கு வரவாகியிருக்கும். இரண்டையும் சேர்த்து அனுப்பினால் பொய் சொன்ன மாதிரி தெரியும். உண்மையில் விற்பனைச் சீட்டில் இருப்பது மொத்த வரவு. இளம்புழு வாங்கிய செலவு, தழை வெட்டும் கூலி, உரம், சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர், வண்டி வாடகை எல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் வருமானம். பட்டம் பட்டமாக ஒரு பக்கத்தில் இந்தக் கணக்கை எழுதி, விளக்கம் கேட்கும் பெட்டியில் சுருக்கமாகச் சொல்லிவிடு. கடனுக்கும் இடம் அங்கேதான்.

“உதவித்தொகை வேண்டுமா?” என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று போட்டால் சீட் சுலபம் என்று யாராவது சொல்வார்கள். போடாதே. வெளிநாட்டு மாணவர் சேரும்போது கேட்காவிட்டால், நான்கு வருடமும் கேட்க முடியாது என்று விதி வைத்திருக்கும் கல்லூரிகள் பல.

இங்கே உன் பயத்துக்கு நேராகச் சம்பந்தமுள்ள ஒன்றைச் சொல்ல வேண்டும். மாசசூசெட்ஸின் ஆம்ஹர்ஸ்ட், மெய்ன் மாநிலத்தின் போடன் போன்ற சில கல்லூரிகள் மட்டுமே வெளிநாட்டு மாணவரின் பணத்தேவையைப் பார்க்காமல் சேர்க்கின்றன. போடன் அப்படி மாறியது 2022-ல்தான். அயோவாவின் கிரினெல் உட்படப் பெரும்பாலானவை, சேர்த்துக்கொண்டால் தேவையான உதவியைத் தந்தாலும், யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்யும்போது பணத்தேவையையும் கணக்கில் எடுக்கும். அங்கே வரும் ‘இல்லை’ பல நேரம் அந்த வருட நிதி அவ்வளவுதான் என்பதற்கான பதில். பேர் தெரிந்த முதல் வகையை மட்டும் நம்பாதே, அங்கே போட்டி மிகக் கடுமை. கென்டக்கியின் பெரியா கல்லூரியையும் பார். கல்விக் கட்டணம் கிடையாது, எல்லா மாணவரும் வாரம் குறைந்தது 10 மணி நேரம் கல்லூரியில் வேலை செய்கிறார்கள். எட்டுப் பத்துக் கல்லூரி போதும். விண்ணப்பக் கட்டணமே வாங்காதவையும் இருக்கின்றன, கிரினெல் அதில் ஒன்று.

ஹெச்.எம். சாரிடம் சொல்: கவுன்சிலர் என்று தனியாக ஆள் வேண்டாம், அவரோ வகுப்பாசிரியரோ நிரப்பலாம். அதற்கு முன் காமன் ஆப்பில் சிபாரிசுக் கடிதங்களைப் பார்க்கும் உரிமை பற்றிய கேள்வி ஒன்று வரும். அதற்குப் பதில் தராமல் ஆசிரியருக்கு அழைப்பு அனுப்ப முடியாது, நிறைய பேர் இங்கேதான் நின்றுபோகிறார்கள். ஒன்பது முதல் பிளஸ் டூ வரை மதிப்பெண்கள் பள்ளி லெட்டர்ஹெட்டில், கையெழுத்தும் சீலும் போட்டுப் போக வேண்டும். பள்ளியைப் பற்றிய ஒரு பக்கக் குறிப்பைச் சார் பெரும்பாலும் தவிர்க்கப் பார்ப்பார், விடாதே. மொத்தம் 600, ஒரு பாடத்தில் தேர்ச்சிக்கு 35, வகுப்பில் எத்தனை பேர், போன வருட முதல் மதிப்பெண் எவ்வளவு, என்னென்ன குரூப் இருக்கிறது என்பது அதில் இருந்தால்தான் ஒரு பாடத்தில் நீ வாங்கும் 80 நல்ல மதிப்பெண் என்று அங்கே படிப்பவருக்குப் புரியும். அரையாண்டு மதிப்பெண் வந்ததும் அதையும் அனுப்பச் சொல்.

பாஸ்போர்ட் எடுக்கும்போது இனிஷியலை விரித்து, அப்பா பெயரைச் சர்நேமாகப் போடு. அந்த இடம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் உன் பெயர் சர்நேம் ஆகி, பெயர் இருக்கும் இடத்தில் ‘எஃப்.என்.யு.’ (பெயர் தெரியவில்லை) என்று வரும். பிறகு ஒவ்வொரு கவுன்ட்டரிலும் விளக்கம் சொல்ல வேண்டும். டுயோலிங்கோ ஆங்கிலத் தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாம், சுமார் ஒரு மணி நேரம். ஆனால் நடுவில் யாராவது அறைக்குள் வந்தால் செல்லாது. தழை போடும் நேரத்தில் வைத்துக்கொள்ளாதே.

இனி ஊரைப் பற்றி. முடிவுகள் பெரும்பாலும் மார்ச் பாதியிலிருந்து ஏப்ரல் தொடக்கத்துக்குள் வரும். உன் பொதுத்தேர்வும் மார்ச்சில்தான். அதனால் கடைசிப் பரீட்சை முடியும்வரை முடிவு வரும் இணையப் பக்கத்தைத் திறக்காதே. பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி அத்தையிடம் கொடுத்துவிடு, அவருக்கும் ஒரு வேலை இருக்கட்டும். பிளஸ் டூ ரிசல்ட் மே மாதம். அரசுக் கலைக் கல்லூரிச் சேர்க்கையும் பொறியியல் கவுன்சலிங் பதிவும் அதற்குப் பிறகுதான் சூடுபிடிக்கும். எல்லா இடத்திலும் ‘இல்லை’ வந்தாலும் இங்கே ஒரு கதவும் அதனால் மூடியிருக்காது. ஓசூரைத் தாண்டி சர்ஜாப்பூரில் அஸிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கேயும் இதே மாதிரிப் படிப்பு, குடும்ப நிலை பார்த்து உதவியும் உண்டு. அதன் நுழைவுத் தேர்வுத் தேதியை மட்டும் இப்போதே காலண்டரில் குறி, ரிசல்ட்டுக்காகக் காத்திருந்தால் தவறிவிடும்.

மூன்று மணிக்கு முழித்தால் போனை எடுக்காதே. கட்டுரை வேலை மாலை ஆறிலிருந்து ஏழு வரை மட்டும். இரண்டு வாரம் கழித்தும் தூக்கம் வராவிட்டால் 14416-க்குப் பேசு, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அந்தத் தமிழ் வரைவு இருக்கிறதே, அதை ராத்திரி தழை போட்ட பிறகு அப்பாவுக்கு வாசித்துக் காட்டு. “சாக்கை நான் கட்டினேன், நீ தண்ணிதான் தெளிச்சே” என்று அவர் சொன்னால், அதைத் திருத்திவிட்டு ஆங்கிலத்துக்குப் போ.