வண்டு விழுந்த அரிசியை மண்புழுப் பெட்டிக்குள் போடலாமா?

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். குசினிச் சுவரோரத்து நிழலில், 2 அடி நீளமான பிளாஸ்ரிக் பெட்டியொன்றில் ஏறத்தாழ 1 கிலோ மண்புழு வளர்த்து வருகிறார். மரக்கறித் தோலும் தேயிலைச் சக்கையும் போட்டுவந்த காலம்வரை ஒரு குறையும் இருக்கவில்லை. அண்மையில், வாளியில் மூடி வைத்திருந்த 5 கிலோ புழுங்கல் அரிசியிலும் சிறிதளவு உழுந்திலும் வண்டு விழுந்துவிட, வீணாக்க மனமில்லாமல் அரிசியில் அரைக் கிலோவை மாவாக அரைத்துப் பெட்டியின் மேல் பரப்பிவிட்டார். மூன்றாம் நாள் பெட்டி புளித்து மணத்தது. புழுக்கள் மூடியின் உட்புறம்வரை ஏறி ஒட்டிக்கொண்டிருந்தன. தானியம் புழுவுக்கு ஆகாதா, மீதி அரிசியையும் உழுந்தையும் என்ன செய்வது என்று கேட்கிறார்.

தானியம் புழுவுக்கு நன்றாகவே ஆகும். தூண்டில் இரைக்காகப் புழு வளர்ப்பவர்கள், புழுவைக் கொழுக்க வைப்பதற்கு அரைத்த தானியத்தையும் கோழித் தீவனத்தையும்தான் மெல்லியதாகத் தூவுகிறார்கள். உங்கள் பெட்டியில் பிழைத்தது அளவும், போட்ட விதமுமே.

மரக்கறிக் கழிவின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். சேமித்து வைத்த அரிசியிலோ தண்ணீர் 12 முதல் 14 வீதம் மட்டுமே. ஆகவே 1 கிலோ கீரைத் தண்டிலும் பூசணித் தோலிலும் உண்மையில் தின்னக் கிடைக்கும் உலர்பொருள் ஏறத்தாழ 100 கிராம்தான். 1 கிலோ அரிசியில் அது 860 கிராமுக்கு மேல் இருக்கிறது. நீங்கள் போட்ட அரைக் கிலோ மா, 4 கிலோவுக்கு மேற்பட்ட மரக்கறிக் கழிவை ஒரே நாளில் கொட்டியதற்குச் சமன். கண்ணுக்கு அது ஒரு மெல்லிய வெள்ளைப் படையாகத்தான் தெரிந்திருக்கும்; அதனால்தான் இந்தப் பிழை கவனமான வீடுகளிலும் நேர்ந்துவிடுகிறது.

அந்த மாவைப் புழுக்களுக்கு முன்னதாக நுண்ணுயிர்கள் தின்னத் தொடங்குகின்றன. அரைக் கிலோ அரிசிமாவில் அடங்கியிருப்பது ஏறத்தாழ 1,800 கிலோ கலோரி. 25 லீற்றர் கிணற்றுத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான சக்தி அது. அவ்வளவும் ஒரே நேரத்தில் வெளிப்படாது என்பதும், ஒரு பகுதி நுண்ணுயிர்களின் உடலாகவே மாறிவிடும் என்பதும் உண்மைதான். ஆயினும் மிகுதி, சில நாள்களுக்குள் வெப்பமாக உங்கள் சிறிய பெட்டிக்குள்ளேயே இறங்குகிறது. மண்புழு உரத்துக்குப் பரவலாக வளர்க்கப்படும் ஐசீனியா ஃபெடிடா இனத்துக்கு 15 முதல் 25 பாகை செல்சியஸ் வரை உகந்தது; 35 பாகையைத் தாண்டினால் அது பிழைப்பது அரிது. ஆபிரிக்க இனமான யூட்ரிலஸ் யூஜீனியே எங்கள் வெப்பத்துக்கு ஓரளவு இசைவானது என்றாலும், அதற்கும் 30 பாகைக்கு மேல் சுகமில்லை. யாழ்ப்பாணத்தில் சித்திரை தொடங்கி ஆவணி வரை பிற்பகலில் நிழலிலேயே 30 பாகையைக் கடந்துவிடுகிறது. குளிர்ந்த நாடுகளில் எழுதப்பட்ட ஆலோசனைகள் தானியத்தைப் பற்றி அவ்வளவாக எச்சரிக்காமல் இருப்பதற்குக் காரணம், அங்கே பெட்டி 10 பாகை சூடேறினாலும் புழு தாங்கிக்கொள்ளும் என்பதே. எங்களுக்கு எஞ்சியிருக்கும் இடைவெளி நான்கைந்து பாகைதான்.

முழு அரிசியாகப் போட்டிருந்தால் இவ்வளவு விரைவாக நடந்திருக்காது. புழுவுக்குப் பல்லில்லை, ஊறி இளகி, நுண்ணுயிர் படர்ந்த பிறகே அது அரிசிமணியை உட்கொள்ளும். மா அப்படியன்று. ஈரம் பட்டதும் களியாக இறுகிக் காற்றுப் புகாத ஒரு படையாகிவிடுகிறது. காற்றில்லாத அந்தப் படைக்குள் மா புளித்து அமிலம் உண்டாகிறது. நீங்கள் முகர்ந்த புளித்த மணம் அதுதான். ஒடியல் மா, குரக்கன் மா, கோதுமை மா எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

இப்போது செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூடியை அகற்றிவிட்டு, பெட்டியை நிழலிலேயே பகல் வெளிச்சத்தில் வையுங்கள். வெளிச்சத்துக்கு அஞ்சிப் புழுக்கள் தாமாகவே கீழிறங்கும். மாக்களியை ஒரு தட்டையான தடியால் சுரண்டி எடுங்கள். அதன் அடிப்பக்கத்தைப் பிரித்துப் பார்த்தால் புழுக்கள் ஒட்டியிருக்கக்கூடும். அவற்றைப் பெட்டிக்கே திருப்பி விடுங்கள். உடல் ஓரிடத்தில் கட்டியாக வீங்கியும் அடுத்த இடத்தில் நூலாக ஒடுங்கியும் இருக்கும் புழுக்களைக் கண்டால், அமிலம் அவற்றைத் தாக்கிவிட்டது என்று கொள்ளலாம்; அவை பெரும்பாலும் தேறுவதில்லை, அகற்றிவிடுவதே நல்லது. பின்னர் கிழித்த காட்போட் மட்டையையும் காய்ந்த இலைச் சருகையும் இரண்டு மூன்று பிடி கலந்து, கையால் மெதுவாகக் கிளறிக் காற்றுப் போகச் செய்யுங்கள். தும்புத்தூள் போடுவதானால் நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசிய பிறகே போடுங்கள். கடல்நீரேரியில் ஊறிய தேங்காய் மட்டையிலிருந்து வந்ததாயின் அதில் உப்பு தங்கியிருக்கும். முட்டைக்கோதைக் காயவைத்துப் பொடியாக்கி ஒரு மேசைக்கரண்டி தூவினால் அமிலம் மெல்லத் தணியும். புளிப்பைப் போக்க வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றுமாறு யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அது புழுவின் தோலை எரித்துவிடும். அடுப்புச் சாம்பலையும் தவிர்த்துவிடுங்கள். ஒரு வாரத்துக்கு உணவு எதுவும் போடாமல் விட்டால் பெட்டி பெரும்பாலும் சீராகிவிடும்.

மணம் நீங்கி, புழுக்கள் மீண்டும் மரக்கறித் தோலைத் தின்னத் தொடங்கிய பிறகு அரிசி கொடுக்கலாம். உங்கள் பெட்டியின் அளவுக்கு வாரத்துக்கு ஒரு சிறங்கை, அதாவது 50 கிராம் அளவு போதும். அரிசியின் மேல் கொதிநீரை ஊற்றி மூடி, இரவு முழுவதும் ஊறவிடுங்கள். வண்டும் அதன் முட்டையும் செத்துவிடும், மணியும் விரலால் நசுக்கும் பதத்துக்கு இளகிவிடும். தண்ணீரை வடித்துவிட்டு, அரிசியை இரண்டு மடங்கு சருகுடனோ பழைய மாட்டெருவுடனோ பிசிறி, பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் இரண்டு அங்குல ஆழத்தில் புதையுங்கள். சூடேறினாலும் புழுக்கள் ஒதுங்குவதற்கு மற்றைய பக்கம் குளிர்ச்சியாக இருக்க வேண்டும்; ஆகவே பெட்டி முழுவதும் பரப்பாதீர்கள். அடுத்த நாள் அந்த மூலைக்குள் விரலைவிட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள படுக்கையைவிடச் சூடாக இருந்தால் அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள். இரண்டு மூன்று நாளில் அரிசியின் மேல் வெள்ளைப் பூஞ்சணம் படர்வதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. அதையும் சேர்த்துத்தான் புழு தின்கிறது. முன்பு புதைத்தது கரைந்து போனாலன்றி அடுத்த சிறங்கையைப் போட வேண்டாம். சோழகக் காற்று (தென்மேற்குப் பருவக்காற்று) அடிக்கும் மாதங்களில் பெட்டி மேலே காய்ந்தும் உள்ளே சூடாகவும் இருப்பதால், அந்தக் காலத்தில் தானியத்தை முற்றாக நிறுத்திவிடுவதே என் ஆலோசனை.

உழுந்து, பயறு, கௌபி, கடலை ஆகியவற்றுக்கு இன்னும் கவனம் வேண்டும். அரிசியில் புரதம் ஏறத்தாழ 7 வீதம். பருப்பு வகைகளில் அது 20 வீதத்துக்கு மேல். மண்புழு உரத்துக்குக் கரிமமும் நைதரசனும் 25 அல்லது 30 பங்குக்கு 1 பங்கு என்று இருப்பது நல்லது. அரிசி அதற்கு மிக அருகிலேயே இருக்கிறது. உழுந்திலோ அது ஏறத்தாழ 11க்கு 1 என்ற அளவில் நிற்கிறது. மிஞ்சும் நைதரசன் அமோனியாவாக வெளியேறி மூக்கைக் குத்தும். சிறிதளவு அமோனியாவே புழுவைக் கொல்லப் போதும். எனவே உழுந்தாயின் அரைச் சிறங்கைக்கு மேல் வேண்டாம், சருகும் நான்கு மடங்கு சேர்க்க வேண்டும். வண்டு துளைக்காத முழுப் பயறு பெட்டிக்குள் முளைத்துவிடும்; அதனால் தீங்கில்லை, முளையைக் கிள்ளிப் புதைத்தால் அதுவும் உணவாகும். பெட்டியின் அடியிலிருந்து வடியும் தண்ணீரைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். நைதரசன் மிகுந்த அந்த நீரைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள். எங்கள் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளில் தங்குவது. மேலே ஊற்றியது அதிகம் வடிகட்டப்படாமலே இறங்கிவிடுகிறது. வலிகாமத்துக் கிணறுகளில் ஏற்கெனவே நைத்திரேற்று ஒரு பிரச்சினையாக இருக்கையில், அதற்கு நாமும் சேர்க்கக் கூடாது.

மிஞ்சிய வெறுஞ்சோற்றை ஒரு முறை அலசிவிட்டு, ஊறிய அரிசியைப் போலவே புதைக்கலாம். கறி கலந்த சோறும் தேங்காய்ப்பூச் சேர்ந்த புட்டும் உப்பு, எண்ணெய் காரணமாக ஆகாது. தவிடு விரைவில் புளிக்கும். மிக மெல்லியதாகத் தூவுவதைத் தவிர வேறு விதமாகப் போடக் கூடாது. உமி உணவாகாது, படுக்கையை இளக்குவதற்கு மட்டும் உதவும்.

தானியம் போடும் பெட்டிக்கு எறும்பும் சிற்றுண்ணியும் தேடி வரும். பெட்டியை நான்கு காலில் உயர்த்தி, கால்களைத் தண்ணீர் விட்ட பேணிகளில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. பொடிப்பொடியாக ஊரும் வெள்ளை அல்லது மண்ணிற உண்ணிகள் புழுவைக் கடிப்பதில்லை, அதன் உணவைத்தான் பறிக்கின்றன. ஒரு துண்டு வத்தகப்பழத் தோலை மேலே கவிழ்த்து வைத்து, அடுத்த நாள் அது உண்ணிகளால் மூடப்பட்டதும் எடுத்து வெயிலில் போடுங்கள்; சில நாள் இப்படிச் செய்தால் குறைந்துவிடும். அரிசி வண்டு ஈரமான பெட்டிக்குள் பெருகாது. உயிருடன் போட்டால் மட்டும் ஏறி வெளியே வந்து மீண்டும் குசினிக்குள் நுழையும்.

உங்களிடம் மீதியிருக்கும் நாலரைக் கிலோ அரிசியை முழுவதும் புழுவுக்குக் கொடுக்க நினைத்தால் ஒன்றரை வருடத்துக்கு மேல் செல்லும். வண்டு மட்டும் விழுந்து, பூஞ்சணமோ கட்டிபட்ட தன்மையோ இல்லாத அரிசியை வெயிலில் காயவைத்துச் சுளகில் புடைத்து நீங்களே சமைக்கலாம். அது மனதுக்கு ஒவ்வாவிட்டால் கோழி வளர்க்கும் அயலவருக்குக் கொடுங்கள். பூஞ்சணம் பிடித்து நிறம் மாறிய அரிசியைக் கோழிக்கோ மாட்டுக்கோ கொடுக்கவே கூடாது; அஃப்லாடொக்சின் என்னும் நஞ்சு அதில் இருக்கலாம், கோழிக்குஞ்சு அதற்கு எளிதில் பலியாகும். அத்தகைய அரிசியை மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு நனைத்து, சருகும் சாணமும் சேர்த்து வாழையடிக் குழியில் புதையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் சூடு தணிந்ததும் அந்தக் கலவையையே புழுப் பெட்டிக்குத் தாராளமாகப் போடலாம். வண்டு வராமல் இருக்க வாளிக்குள் வேப்பிலையோ செத்தல் மிளகாயோ போட்டிருந்தால் பொறுக்கி எடுத்துவிட்டால் போதும். போரிக் பவுடரோ வேறு பூச்சிமருந்தோ தூவியிருந்தால் அந்த அரிசியும், மருந்து பூசிய விதைநெல்லும் புழுப் பெட்டிக்கும் வேண்டாம், வாழையடிக் குழிக்கும் வேண்டாம்.