எக்ஸ்ரே மேஜையருகே சில ஐயங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் எக்ஸ்ரே தொழில்நுட்பம் பயிலும் மாணவர்களும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களும் கேட்ட கேள்விகளில் பெரும்பாலானவை பொசிஷனிங் (படத்துக்கு ஏற்றபடி நோயாளியை நிறுத்துவது, படுக்கவைப்பது) பற்றியவை. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

மார்பு பி.ஏ. படத்தில் (கதிர் முதுகிலிருந்து மார்பு நோக்கிச் செல்வது) மோவாய், தோள் எல்லாவற்றையும் சரியாக வைத்தும், உடல் திரும்பியிருக்கிறது என்று மருத்துவர் திருப்பி அனுப்புகிறார். எங்கே தவறுகிறேன்? – இரண்டாமாண்டு மாணவி, பாலக்கோடு

நீங்கள் மேலே தேடுகிறீர்கள். கோளாறு பெரும்பாலும் பாதத்தில் இருக்கும். ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு நிற்பவரின் இடுப்பு சற்றே திரும்பும், இடுப்போடு மார்பும் திரும்பும். ஆகவே இரு பாதங்களையும் கொஞ்சம் அகட்டிச் சமமாக ஊன்றச் செய்த பிறகே தோளைத் தொடுங்கள். புறங்கைகளை இடுப்பில் வைத்து முழங்கைகளை முன்னோக்கித் தள்ளினால்தான் தோள்பட்டை எலும்புகள் நுரையீரலை விட்டு விலகும். படம் வந்ததும் காறை எலும்புகளின் உள்முனைகளைப் பாருங்கள். நடுவிலுள்ள முதுகெலும்பு முள்ளிலிருந்து இரண்டும் சம தூரத்தில் இருந்தால் உடல் திரும்பவில்லை என்று பொருள்.

எக்ஸ்ரே குழாய்க்கும் படம் பதியும் கேசட்டுக்கும் இடையே 180 செ.மீ. இருக்க வேண்டும் என்பது தெரிந்ததே. படுக்கையில் ஏ.பி. (கதிர் முன்னிருந்து முதுகு நோக்கிச் செல்வது) எடுக்கும்போது அந்தத் தூரம் குறைவதோடு, மார்பின் முன்பக்கத்திலுள்ள இதயம் கேசட்டிலிருந்து விலகியும் விடுவதால், அது உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். எனவே படத்தில் ஏ.பி. என்று குறிக்க மறவாதீர்கள்.

முன்னால் தொங்கும் பின்னலும் நுரையீரலின் உச்சியில் நிழலாக விழும். அதைத் தூக்கி முடியச் சொல்லுங்கள். தாலியைக் கழற்ற மனம் ஒப்பாத பெண்ணை வற்புறுத்த வேண்டியதில்லை. கயிற்றை மேலே இழுத்துப் பல்லால் கவ்விக்கொள்ளச் சொன்னால், தாலி மார்பை விட்டு மேலே போய்விடும்.

'மூச்சை இழுத்துப் பிடியுங்கள்' என்றால் பலர் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு நிற்கிறார்கள். என்ன செய்வது? – தேன்கனிக்கோட்டை

முதல் மூச்சில் பட்டனை அழுத்தாதீர்கள். ஒருமுறை இழுத்து விடச் சொல்லி, இரண்டாம் மூச்சை நன்றாக இழுத்துப் பிடிக்கும்போது எடுங்கள். உதரவிதானத்துக்கு மேலே, பின்பக்க விலா எலும்புகள் ஒன்பது அல்லது பத்து எண்ண முடிந்தால் மூச்சு போதுமானது. உங்கள் பகுதியில் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாகப் பேசுவோர் நிறைய. 'ஊபிரி பீல்ச்சண்டி' என்றும் 'உசிரு எளெதுகொள்ளி' என்றும் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். கூடவே நீங்களே ஒருமுறை மூச்சை இழுத்துக் காட்டுங்கள்.

முன்கை எடுக்கும்போது உள்ளங்கை மேலே பார்க்க வேண்டும் என்று அவ்வளவு வலியுறுத்துவது ஏன்? வலியுள்ளவர்களுக்குக் கையைக் கவிழ்த்து வைப்பது எளிதாக இருக்கிறதே. – பென்னாகரம்

உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வருவது பொருத்தம்தான். முன்கையின் இரு எலும்புகள் ரேடியஸ், அல்னா. கையைக் கவிழ்த்தால் ரேடியஸ் அல்னாவின் குறுக்கே சாய்ந்து படுத்துக்கொள்ளும். உள்ளங்கையை மேலே திருப்பினால்தான் இரண்டும் இணையாக நின்று, நடுவிலுள்ள இடைவெளி தெரியும். உங்கள் பகுதியில் ஃபுளூரைடு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரை ஆண்டுக்கணக்கில் குடித்து எலும்பு ஃபுளூரோசிஸ் வந்தவர்களுக்கு, அந்த இரு எலும்புகளையும் இணைக்கும் சவ்வில் சுண்ணாம்பு படிந்து, எலும்போரத்தில் முள்முள்ளாகத் தெரியும். மருத்துவர் தேடுவதே அந்த இடைவெளியைத்தான். கவிழ்த்து எடுத்தால் அதை நாமே மூடிவிடுகிறோம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கப்பட்டுவிட்டாலும், அதற்கு முன்பே எலும்பில் சேர்ந்தது எளிதில் போகாது என்பதால், முதியவர்களிடம் இதை இன்னும் எதிர்பார்க்க வேண்டும்.

தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி நோயாளியைத் தாழ்வான இருக்கையில் உட்காரவைத்தால் உள்ளங்கை பெரும்பாலும் தானே மலரும். முழங்கை இறுகி நீட்ட முடியாதவரிடம் பலம் காட்டக் கூடாது. முன்கை மட்டுமாவது கேசட்டோடு படிந்திருக்கட்டும். மணிக்கட்டும் முழங்கையும் படத்துக்குள் வர வேண்டும். இந்த நோயில் எலும்பு அடர்ந்து போவதால், வழக்கமான எக்ஸ்போஷரில் (கதிரளவில்) முதுகெலும்பும் இடுப்பும் வெளிறித் தெரிந்தால் கதிரின் ஊடுருவும் திறனைத் தரும் கே.வி.யைச் சற்றுக் கூட்டுங்கள். முதுகு கூனி விறைத்தவரை மல்லாத்திப் படுக்கவைக்கும்போது தலைக்கும் முழங்காலுக்கும் அடியில் தலையணை கொடுங்கள். முழங்கால் மடங்கினால் இடுப்பின் வளைவு குறைந்து, எவருக்குமே முதுகெலும்பு இடைவெளிகள் தெளிவாகும்.

தொப்பூர் கணவாய் விபத்துகளில் வருபவர்களுக்கும் இடுப்புப் படத்தில் பாதத்தை 15 முதல் 20 டிகிரி உள்நோக்கித் திருப்ப வேண்டுமா? – நல்லம்பள்ளி

கூடாது. தொடை எலும்பின் கழுத்து இயல்பாகவே முன்னோக்கிச் சாய்ந்திருப்பதால், பாதத்தை உள்ளே திருப்பினால்தான் அது முழு நீளத்தில் தெரியும் என்பது உண்மை. ஆனால் அந்த விதி முறிவு இல்லாதவர்களுக்கு உரியது. நான் பயிற்சியில் இருந்தபோது, கிணற்றடியில் வழுக்கி விழுந்த ஒரு மூதாட்டியின் பாதத்தைப் புத்தகத்தில் உள்ளபடி திருப்பினேன். அவர் என் மணிக்கட்டைப் பற்றிய பிடி இன்னும் நினைவிருக்கிறது. கால் குட்டையாகி, பாதம் வெளிப்புறம் சாய்ந்து கிடந்ததே முறிவின் அடையாளம் என்பதை அன்று நான் கவனிக்கவில்லை. அப்படிக் கிடந்தால் கிடந்தபடியே ஏ.பி. எடுங்கள். லேட்டரலுக்கு (பக்கவாட்டுப் படத்துக்கு) நல்ல காலை மட்டும் மடக்கித் தூக்கி, கதிரைக் கிடைமட்டமாகச் செலுத்துங்கள். கால் வெளிப்புறம் திரும்பியிருப்பதால் தொடை எலும்பின் உட்புறப் புடைப்பான சிறு டிரோகான்டர் துருத்தித் தெரியும். இத்தகையவரைப் பொறுத்தவரை அது உங்கள் பிழையாகாது.

தொழிற்சாலையில் விரல் நசுங்கி வருபவர்களுக்கு லேட்டரல் எடுத்தால் விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. – ஓசூர்

அடிபட்ட விரலை மட்டும் நீட்டி, மற்றவற்றை மடக்கச் சொல்லுங்கள். விரல் கேசட்டுக்கு இணையாக நிற்க அடியில் ஸ்பாஞ்சு வையுங்கள்.

குழந்தையைப் பிடித்துக்கொள்ள ஆளில்லாதபோது நானே பிடிக்கலாமா? – கிருஷ்ணகிரி

அதை வழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள். பெற்றோரில் ஒருவருக்கு, கர்ப்பமாக இல்லை என்று கேட்டறிந்தபின், ஈய ஏப்ரன் அணிவித்து, கதிர் நேராகப் படாத பக்கத்தில் நின்று பிடிக்கச் சொல்லுங்கள். அவருக்கு அது என்றோ ஒருநாள், உங்களுக்கோ தினமும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் பணியாளருக்கு வைத்திருக்கும் வரம்பு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிரளவின் அலகு), எந்த ஓராண்டிலும் 30க்கு மேற்படக் கூடாது. நீங்கள் வாங்கும் கதிரைப் பதிவுசெய்யும் டி.எல்.டி. பேட்ஜை ஏப்ரனுக்கு உள்ளே, மார்பு மட்டத்தில் அணியுங்கள். வேலை முடிந்ததும் அதை எக்ஸ்ரே அறையில் ஏப்ரனோடு மாட்டிவிட்டுப் போனால், நீங்கள் வாங்காத கதிரெல்லாம் உங்கள் கணக்கில் ஏறும்.