ஒரே ஆற்றுக்கு எத்தனை பெயர்?

கேள்வி: திபெத்தில் சாங்போ, அருணாசலத்தில் சியாங், அசாமில் பிரம்மபுத்திரா என்று மகளின் பாடப்புத்தகத்தில் போட்டிருக்கிறது. ஒரே ஆற்றுக்கு எதற்கு இத்தனை பெயர்? யார் வைத்தது? - ஒரு வாசகர், தேனி

பதில்: யாரும் உட்கார்ந்து யோசித்து வைக்கவில்லை. இது ஒரே ஆறுதான் என்பதே ரொம்ப காலம் உறுதியாகத் தெரியாது. கைலாய மலைப் பக்கம் பனியாற்றில் பிறந்து, திபெத்தில் கிழக்கே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி, 7,782 மீட்டர் உயர நம்சா பர்வா சிகரத்தைச் சுற்றிச் சட்டென்று திரும்பி, ஆள் இறங்க முடியாத பள்ளத்துக்குள் மறைந்துவிடும். இது பர்மாவின் ஐராவதியில்தான் போய்ச் சேருகிறது என்று வாதாடியவர்களும் உண்டு.

அதைக் கண்டுபிடிக்க 1880இல் பிரிட்டிஷ் இந்திய சர்வே துறை ஒரு லாமாவையும் கிந்தப் என்ற சிக்கிம்காரரையும் அனுப்பியது. கிந்தப்புக்கு எழுதப் படிக்கத் தெரியாது. லாமா என்ன செய்தார் தெரியுமா? வழியில் கிந்தப்பை அடிமையாக விற்றுவிட்டுக் கிளம்பிவிட்டார்! தப்பித்த பிறகும் மனுஷர் வீட்டுக்கு ஓடவில்லை. 500 மரக்கட்டை வெட்டி அடையாளம் வைத்து, 'இன்ன நாளில் ஆற்றில் விடுகிறேன், கீழே அசாமில் வந்து சேருகிறதா பார்த்துக்கொள்ளுங்கள்' என்று ஆள் பிடித்துக் கடிதம் எழுதச் சொல்லி அனுப்பிவிட்டு, நாளுக்கு 50 வீதம் ஆற்றில் விட்டார். கடிதம் உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை, கீழே பார்க்க ஒருவரும் இல்லை. 4 வருஷம் கழித்துத் திரும்பி வந்தவர் சொன்னதையும் பலர் நம்பவில்லை. 1913இல் பெய்லி, மோர்ஷெட் என்ற இரண்டு அதிகாரிகள் நேரில் போய் வந்த பிறகுதான் விஷயம் முடிவுக்கு வந்தது.

சரி, பெயருக்கு வருவோம். திபெத்திய மொழியில் சாங்போ என்றாலே ஆறு, அதனால் 'சாங்போ ஆறு' என்றால் ஆற்று ஆறு என்றாகிவிடும். அருணாசலத்தில் அதுவே சியாங். அசாம் சமவெளியில் திபாங்கும் லோகித்தும் வந்து சேர்ந்த பிறகுதான் பிரம்மபுத்திரா, அதாவது பிரம்மனின் மகன். நம் ஆறுகளில் பெரும்பாலானவை பெண் பெயரில் இருக்க, இது ஆண் பிள்ளை! அசாம்காரர்கள் செல்லமாக லுயித் என்றும் சொல்வார்கள்.

வங்கதேசத்தில் இன்னொரு கூத்து. 1787 வெள்ளத்தையொட்டி ஆறு மேற்கே நகர்ந்து புது வழி பிடித்தது, அந்த வழிக்குப் பெயர் ஜமுனா. விட்டுப்போன பழைய வழி மைமன்சிங் ஊரை ஒட்டி மெலிந்து ஓடுகிறது, அதைத்தான் இன்றும் பழைய பிரம்மபுத்திரா என்கிறார்கள். மகளிடம் சொல்லிவையுங்கள், இந்த ஜமுனா வேறு, டெல்லி யமுனை வேறு.